கொத்தமல்லிச் சட்டியும் குடும்ப நலமும்

(கிராமத் தம்பதிகள் கூட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



நர்ஸம்மா வந்தால் ஊசி, மாத்திரை, ஆபரேஷன் என்றுதான் பேசுவார் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். இன்றைக்கு அவற்றைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசப் போகிறேன். முதலில் இந்தப் பானையைப் பாருங்கள். வாய் உடைந்த பழைய பானை. தண்ணீர் பிடிக்க உதவாது. எந்த வீட்டுக் கொல்லையில் தேடினாலும் இப்படி ஒன்று கிடைக்கும். இதில் கொத்தமல்லி முளைத்திருக்கிறது. இந்தப் பானைக்கும் உங்கள் குடும்ப நலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு நடந்தது. நான் பார்க்கும் கிராமம் ஒன்றில் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு மருமகளுக்கு ஏழாம் மாதம். முதல் பிள்ளைக்கு ஒன்றரை வயதுதான் ஆகிறது. அதற்குள் அடுத்தது. முகம் வெளுத்திருந்தது. நகத்தை அழுத்திப் பார்த்தேன், கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், இரண்டிலும் சிவப்பே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் இரத்தம் பரிசோதித்தால், ஹீமோகுளோபின் 8 கிராம். கருவுற்ற பெண்ணுக்கு 11 கிராமுக்குக் குறையக் கூடாது.

“என்னம்மா சாப்பிடறே?” என்று கேட்டேன்.

“சோறு, ரசம். ஏதாவது குழம்பு இருந்தா அது.”

“கீரை?”

“சந்தை நாள்ல வாங்கிட்டு வருவாங்க. வாரத்துல ஒரு நாள். மாமா, அத்தை, அவரு எல்லாரும் சாப்பிட்டு, பிள்ளைக்கும் ஊட்டினதுக்கு அப்புறம் மிச்சம் இருந்தா நானு.”

“மிச்சம் இருக்குமா?”

அந்தப் பெண் பதில் சொல்லவில்லை, சிரித்தாள். திண்ணையில் உட்கார்ந்திருந்த அவள் கணவருக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. “நான் ஒண்ணும் சாப்பிட வேண்டாம்னு சொல்லலீங்களே நர்ஸம்மா. ஒரு கட்டு கீரையை வேகவெச்சா ஒரு கைப்பிடிதான் வருது. அதுல அஞ்சு பேருக்கு என்ன பங்கு போடறது?” என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அந்தப் பெண்ணை யாரும் பட்டினி போடவில்லை. கீரை குறைவு, அவள் முறை கடைசி. இந்த இரண்டும் சேர்ந்துதான் அவளை இந்த நிலைக்குக் கொண்டுவந்தன. நம் வீடுகளில் முக்கால்வாசி இப்படித்தானே நடக்கிறது? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

பெண்ணுக்குத்தான் அதிகம் வேண்டும்

இதை ஆண்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

நம் இரத்தம் சிவப்பாக இருப்பதற்கும், மூச்சுக் காற்றை உடம்பெங்கும் எடுத்துச் செல்வதற்கும் இரும்புச் சத்து தேவை. ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. நம் சேலத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதன் இயக்குநராக இருந்து பெரும் பணி செய்தவர். எந்த இந்திய உணவில் என்ன சத்து என்று அளந்து புத்தகமாகப் போட்டவர்கள் அவரும் அவரோடு உழைத்தவர்களும். அந்த நிறுவனம் 2020-இல் வெளியிட்ட கணக்குப்படி, உழைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச் சத்து போதும். பெண்ணுக்கு 29 மில்லிகிராம் வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு!

ஏன் தெரியுமா? மாதாமாதம் பெண்ணின் உடம்பிலிருந்து இரத்தம் போகிறது. கருவுற்றால் வயிற்றிலிருக்கும் சிசு தன் பங்கைத் தாயின் உடம்பிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. பிரசவத்தில் மறுபடி இரத்தம் போகிறது. செலவு அவளுக்கு அதிகம், வரவோ குறைவு. இப்படி இருந்தால் எந்தக் கடை நடக்கும்?

2019–21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்த சோகை. அதே வயது ஆண்களில் நூற்றுக்கு 25 பேருக்கு. ஒரே அடுப்பு, ஒரே சோற்றுப் பானை. ஆனால் சோகை மட்டும் பெண்ணுக்கு இரண்டு மடங்குக்கு மேல்.

இரத்த சோகை உள்ள பெண்ணுக்கு மூச்சு வாங்கும், படி ஏற முடியாது, சீக்கிரம் களைத்துப் போவாள். “சோம்பேறி” என்று பட்டம் வேறு கிடைக்கும். இதைவிடப் பெரிய ஆபத்து பிரசவத்தில் இருக்கிறது. நல்ல இரத்தம் உள்ள தாய் தாங்கிக்கொள்ளும் இரத்தப் போக்கை, சோகை பிடித்த தாயால் தாங்க முடியாது. குழந்தையும் குறை மாதத்தில், எடை குறைந்து பிறக்கலாம். உயிர் போகிற விஷயம் என்பதால்தான் இவ்வளவு தூரம் சொல்கிறேன்.

கீரை மருந்தா?

இங்கே ஒரு உண்மையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சோகை வந்த பிறகு கீரையை மட்டும் தின்று அதைப் போக்கிவிட முடியாது. கீரையில் இரும்புச் சத்து இருக்கிறது. ஆனால் அதில் கொஞ்சத்தைத்தான் நம் குடல் உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் அரசாங்கம் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறது. கருவுற்ற நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒரு மாத்திரை, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள். சோகை இருந்தால் அளவை டாக்டர் கூட்டிச் சொல்வார்.

அப்படியானால் கீரை எதற்கு? மாத்திரை குறிப்பிட்ட காலத்துக்குத்தான். சாப்பாடு ஆயுள் முழுவதும். மாத்திரையில் இல்லாத பல சத்துகள் கீரையில் உண்டு. பிள்ளைகளுக்கு மாலைக்கண் வராமல் காக்கும் வைட்டமின் ஏ நம் உடம்பில் உண்டாவதற்கு வேண்டிய பொருள் பச்சைக் கீரையில் இருக்கிறது. வயிற்றுச் சிசுவின் முதுகெலும்பும் மூளையும் சரியாக உருவாக வேண்டிய ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. மாத்திரை இருக்கிறதே என்று கீரையை விடக் கூடாது, கீரை தின்கிறோமே என்று மாத்திரையையும் விடக் கூடாது. இரண்டும் வேண்டும்.

சரி, கீரை இருக்கட்டும், கொத்தமல்லி எதற்கு என்று கேட்பீர்கள். ரசத்தின் மேலே வாசனைக்குக் கிள்ளிப் போடுவதோடு கொத்தமல்லியின் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பச்சைக் கொத்தமல்லியில் வைட்டமின் சி நிறைய இருக்கிறது. சோற்றிலும் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு கூடுதலாக இழுத்துக்கொள்ள உதவுவது இந்த வைட்டமின் சி. ஆனால் அது கொதித்தால் குறைந்துவிடும், வாடினாலும் குறைந்துவிடும். சந்தையில் காலையில் வாங்கி, வெயிலில் தூக்கி வந்து, மூன்று நாள் மூலையில் வைத்திருந்த கட்டில் மணம் இருக்கும், சத்துதான் குறைந்திருக்கும். பறித்த கையோடு அம்மியில் அரைத்த பச்சைத் துவையல்தான் முழுப் பலன் தரும். வீட்டு வாசலிலேயே சட்டியில் வளர்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

கொத்தமல்லி போடும் முறை

இதற்குக் காணி நிலம் வேண்டாம். ஓட்டு வீடோ, கூரை வீடோ, காலனி வீடோ, வாசலில் மூன்று சட்டி வைக்க இடம் இருந்தால் போதும். உடைந்த பானை, ஓட்டை வாளி, பழைய எண்ணெய் டின், சிமெண்டு சாக்கு, எது வேண்டுமானாலும் ஆகும். முக்கால் அடி ஆழம் இருக்கட்டும். அடியில் இரண்டு மூன்று ஓட்டை போட்டு, அவற்றின் மேல் ஓட்டுச் சில்லு ஒவ்வொன்று வையுங்கள். தண்ணீர் வடியும், மண் போகாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பூச்சி மருந்து வந்த டப்பாவை எத்தனை தரம் கழுவினாலும் இதற்கு எடுக்கவே கூடாது.

மண் கலவை சுலபம். செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய குப்பை எரு ஒரு பங்கு. பச்சைச் சாணி போடாதீர்கள். வேர் வெந்துவிடும், புழு முட்டையும் சேரும்.

விதைக்கு மளிகைக் கடை மல்லியே போதும். புது மல்லியாக இருக்கட்டும், வறுத்ததாக இருக்கக் கூடாது. நாம் ஒரு மல்லி என்று நினைக்கிற உருண்டைக்குள் இரண்டு விதை இருக்கிறது. தரையில் பரப்பி, மரக்கட்டையால் லேசாக உருட்டினால் இரண்டாகப் பிளந்துவிடும். மாவாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளந்ததை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வைத்து, காலையில் வடித்துத் தூவுங்கள். மேலே அரை விரல் மண் மூடி, ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள். முளை விட எட்டு நாளிலிருந்து பதினைந்து நாள் ஆகும். மூன்றாம் நாளே கிளறிப் பார்த்து, “ராசியில்லாத கை” என்று சொல்லிவிடாதீர்கள். பொறுமை வேண்டும். முளை தெரிந்தவுடன் சாக்கை எடுத்துவிடுங்கள்.

தண்ணீரைச் சொம்பில் கொட்டக் கூடாது. கையால் தெளிக்க வேண்டும், அல்லது டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டு அதன் வழியாக விட வேண்டும். மண் ஈரமாக இருந்தால் போதும், சேறாகக் கூடாது. காலை வெயில் படட்டும். உச்சி வெயிலுக்கு ஓரமாக நகர்த்துங்கள். கொத்தமல்லிக்குச் சூடு ஆகாது. சித்திரை, வைகாசியில் தழை விடுவதற்குள் பூ எடுத்துவிடும். அந்த மாதங்களில் வேப்ப மரத்து நிழலில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடை மழையில் தாழ்வாரத்துக்குள் எடுத்து வையுங்கள். சட்டி என்பதால் எடுத்து வைக்க முடிகிறது.

முப்பது, நாற்பது நாளில் பறிக்கலாம். வேரோடு பிடுங்காதீர்கள். வெளித்தழையைக் கத்தரித்தால் நடுக்குருத்து மறுபடி கொஞ்சம் தழைக்கும்.

மூன்று சட்டி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. முதல் சட்டியில் இன்று விதைத்தால், இரண்டாவதில் பதினைந்து நாள் கழித்து, மூன்றாவதில் அதற்கும் பதினைந்து நாள் கழித்து விதைக்க வேண்டும். முதல் சட்டி தீரும்போது இரண்டாவது தயார். அதுவும் தீரும்போது மூன்றாவது தயார். முதல் சட்டியில் மறுபடி விதை. இப்படிச் சுற்றிக்கொண்டே இருந்தால் வீட்டில் துவையல் நிற்காது.

புதினா, அரைக்கீரை, முருங்கை

புதினாவுக்கு விதைகூட வேண்டாம். சந்தையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். இலையைச் சமையலுக்குக் கிள்ளிவிட்டு, தண்டைக் கணு மண்ணுக்குள் போகும்படி நட்டுவிடுங்கள். கை கழுவும் இடத்துப் பக்கம், அரை நிழலில் வையுங்கள். வேர் பிடித்துவிட்டால் அது பாட்டுக்குப் படரும். பக்கத்துச் செடியை அமுக்கிவிடும். அதனால் தனிச் சட்டி கொடுங்கள்.

கொல்லையில் ஒரு கயிற்றுக் கட்டில் போடும் அளவு இடம் இருந்தால் அரைக்கீரைப் பாத்தி போடுங்கள். மண்ணைக் கொத்திப் பொடியாக்கி, எரு கலந்து, மட்டம் செய்யுங்கள். கீரை விதை பொடி விதை. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். ஒரு பிடி விதைக்கு நாலைந்து பிடி மணல் கலந்து தூவினால் பரவலாக விழும். எறும்பு இழுத்துக்கொண்டு போகாமல் சுற்றிலும் சாம்பல் போடுங்கள். ஒரு மாதத்தில் முதல் அறுப்பு. தரையிலிருந்து இரண்டு விரல் விட்டு அறுங்கள். வாரம், பத்து நாளில் மறுபடி தழைக்கும். ஒரு விதைப்பில் பல மாதம் அறுக்கலாம். அவசரத்துக்குச் சிறுகீரை இருக்கிறது. இருபத்தைந்து நாளில் வேரோடு பிடுங்கிச் சமைக்கலாம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கீரையில் நல்ல ரகங்கள் தந்திருக்கிறார்கள். உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விதை கேளுங்கள்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் கீரை சேர்க்கச் சொல்கிறது. வெந்தபின் ஒரு சின்னக் கிண்ணம் வரும். ஒரு பாத்தி ஐந்து பேருக்குத் தினமும் காணாது. அதற்குத்தான் முருங்கை. மழை தொடங்கும்போது, மணிக்கட்டுப் பருமனில், மூன்று நாலு அடி நீளத்தில் ஒரு கிளையை வெட்டி நடுங்கள். வெட்டிய மேல் முனையில் சாணியை அப்பினால் காயாது. விதை போட்டு வளர்க்க விரும்புகிறவர்கள், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 ரகத்தைக் கேட்டு வாங்கலாம். பாத்தி அறுக்காத நாளில் முருங்கைக் கிளையை வளைத்து ஒடித்தால் போதும். காசு இல்லாத நாளிலும் கறி உண்டு.

இடைவெளி என்ற பாடம்

பாத்தியில் நாற்று நெருக்கமாக முளைத்தால் என்ன செய்வோம்? இடையிடையே களைந்துவிடுவோம். ஏன்? நெருக்கமாக நின்றால் எல்லாமே மெலிந்து, மஞ்சளாகி, ஒன்றுமே தேறாது. மண்ணில் இருக்கும் சத்து ஒன்றுதானே.

தாயின் உடம்பும் அந்த மண்ணைப் போலத்தான். ஒரு பிள்ளையைப் பெற்று, பால் கொடுத்து, இழந்த சத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள அவளுக்குக் காலம் வேண்டும். ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்துக் கருத்தரிக்கக் குறைந்தது இரண்டு வருஷம் போக வேண்டும். அப்படியானால் பிள்ளைக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஏறக்குறைய மூன்று வருஷம். நான் சொன்ன அந்தப் பெண்ணுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. சோகைக்கு அதுவும் ஒரு காரணம்.

செடியை முளைத்த பிறகு களைகிறோம். பிள்ளை விஷயத்தில் முன்கூட்டியே இருவரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஆணுறை, மாத்திரை, காப்பர்-டி, மூன்று மாத ஊசி எல்லாம் அரசு மருத்துவமனைகளில் இலவசம். பிள்ளைகள் போதும் என்று முடிவானால், ஆண் செய்துகொள்ளும் அறுவை சிகிச்சை பெண்ணுக்குச் செய்வதைவிடச் சுலபமானது. எது தோதுப்படும் என்று இரண்டு பேரும் சேர்ந்து வந்து கேளுங்கள். யார் கட்டாயமும் இல்லை. முடிவு உங்களுடையது.

சமைக்கும்போது, சாப்பிடும்போது

கீரையை முதலில் கழுவுங்கள், பிறகு நறுக்குங்கள். நறுக்கிவிட்டுக் கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். ரசத்தில் சேருங்கள், பருப்போடு கடையுங்கள். ஒரு கரண்டி எண்ணெய் விட்டுத் தாளித்தால், கண்ணுக்கு வேண்டிய சத்தை உடம்பு நன்றாக ஏற்கும். பச்சையாக அரைக்கும் கொத்தமல்லி, புதினாவை மூன்று தண்ணீரில் அலசி, கடைசியாகக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் ஒரு தரம் அலசுங்கள். துவையலில் எலுமிச்சம்பழம் பிழியலாம். நெல்லிக்காய் இருந்தால் சேர்த்து அரைக்கலாம்.

சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிக்காதீர்கள். அது இரும்புச் சத்தை உடம்பில் ஏறவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரமாவது போகட்டும். இரும்புச் சத்து மாத்திரையையும் டீயோடும் பாலோடும் விழுங்கக் கூடாது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் தண்ணீரில் விழுங்கினால் குமட்டல் குறையும். மலம் கறுப்பாகப் போகும். பயப்பட வேண்டாம்.

இன்னும் ஒரு எதிரி உண்டு, கொக்கிப்புழு. வெறுங்காலோடு அசுத்தமான மண்ணை மிதித்தால் பாதத்தின் வழியாக உடம்பில் ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கும். நீங்கள் கீரை தின்று சேர்த்ததை அது உறிஞ்சிவிடும். கொல்லைக்குப் போகும்போது செருப்புப் போடுங்கள். கழிப்பறையை உபயோகியுங்கள். பாத்திக்குக் கழிவறைத் தண்ணீரை விடாதீர்கள். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் போதும். சோப்பு நுரைத் தண்ணீரும் வேண்டாம். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிள்ளைகளுக்குத் தரும் பூச்சி மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள். சட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்குக் கொசு அங்கேதான் முட்டையிடும்.

உங்கள் சந்தேகங்கள்

“பிள்ளை பெற்றவள் கீரை தின்றால் குழந்தைக்குப் பச்சையாகப் பேதியாகும்” என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். தாய் தின்ற கீரை பாலில் வந்து குழந்தைக்குப் பேதியாவதில்லை. அழுக்குக் கையும், புட்டிப் பாலும், கொதிக்காத தண்ணீரும்தான் பேதி கொண்டுவரும். தாய்க்குக் கீரை மிக அவசியம்.

“இரும்புச் சத்து மாத்திரை தின்றால் குழந்தை பெரிசாகும், கறுப்பாகப் பிறக்கும்” என்ற பயமும் வேண்டாம். நிறம் பெற்றோர் வழி வருவது. மாத்திரையால் வருவதில்லை.

“சின்னக் குழந்தைக்குக் கீரை எப்போது?” ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். ஆறு மாதம் முடிந்ததும் குழைந்த சோறும் பருப்புமாக ஆரம்பித்து, கீரையையும் மசித்து ஊட்டுங்கள். முதலில் ஒரு ஸ்பூன். ஒன்பதாம் மாதத்தில் தடுப்பூசியோடு தரும் வைட்டமின் ஏ சொட்டு மருந்தையும் விட்டுவிடாதீர்கள். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து வயது வரை.

“சிறுநீரகக் கல் இருக்கிறவர்கள்?” டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும்.

முதல் பங்கு யாருக்கு?

அந்த வீட்டுக் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். அந்தப் பெண் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருந்தாள். குமட்டல் ஒரு பக்கம், குழந்தை பெரிசாகிவிடுமோ என்ற அவள் மாமியார் பயம் ஒரு பக்கம். அந்த அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். அவர்களும் புரிந்துகொண்டார்கள். “ராத்திரி மாத்திரைக்கு நான் பொறுப்பு நர்ஸம்மா” என்றார்கள். டாக்டர் அளவைக் கூட்டினார். நான் அந்தக் கணவரிடம் சொன்னேன்: “தம்பி, ஒரு கட்டுக் கீரையில் அஞ்சு பங்கு போட முடியாதுன்னு சொன்னீங்க. சரி, கட்டைப் பெரிசாக்குங்க.”

அடுத்த வாரம் போனபோது கொல்லையில் பாத்தி கட்டியிருந்தார். உடைந்த குடம் ஒன்று, ஓட்டை வாளி இரண்டு, மூன்றிலும் கொத்தமல்லி. ஒரு மாதத்தில் முதல் அரைக்கீரை அறுத்தார்கள். அன்றைக்கு நானும் அந்தப் பக்கம் போயிருந்தேன். அவர் தட்டில் கீரையைப் போட வந்தாள் அந்தப் பெண். அவர் தட்டை நகர்த்திக்கொண்டு, “நீயும் உட்காரு. முதல்ல உனக்குப் போட்டுக்கோ” என்றார். கூச்சத்தில் அவள் மாமியாரைப் பார்த்தாள். “என்னைய ஏன் பாக்கறே? உக்காரு” என்றார் அந்த அம்மா.

பிரசவத்துக்கு முன் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டியிருந்தது. இன்னும் 11 ஆகவில்லை. ஆனாலும் பெரிய அபாயக் கட்டம் கடந்திருந்தது. அரசு மருத்துவமனையில் பிரசவம். தாயும் பிள்ளையும் சுகம். கீரை மட்டும் இதைச் செய்ததாகச் சொல்ல மாட்டேன். மாத்திரை செய்தது, மாமியாரின் மனசு செய்தது, கணவர் தட்டை நகர்த்தியது செய்தது. எல்லாம் சேர்ந்து செய்தன. அடுத்த பிள்ளை வேண்டுமா, வேண்டாமா என்று இருவரும் பேசி, இப்போதைக்குக் காப்பர்-டி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கொல்லையில் சட்டி இன்னும் இருக்கிறது. போன வாரம் போனபோது எனக்கும் ஒரு பிடி கொத்தமல்லி கொடுத்தார்கள்.

சகோதரர்களே, உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. இன்று வீட்டுக்குப் போனதும் கொல்லையில் ஒரு உடைந்த பானையைத் தேடுங்கள். மண் சுமப்பதும் பாத்தி கொத்துவதும் உங்கள் வேலையாக இருக்கட்டும். மாசமாக இருக்கும் மனைவியை மண் சுமக்க விடாதீர்கள். தாய்மார்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். எல்லோருக்கும் போட்டுவிட்டுச் சட்டியை வழித்துச் சாப்பிடுவதைப் பெருமையாக நினைக்காதீர்கள். நீங்கள் விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பு யார் மூட்டுவது? உங்கள் பங்கை முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள்.

மூன்று சட்டி, ஒரு பாத்தி, ஒரு முருங்கை. கணவன் மனைவி இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் ஒரு வேளைச் சோறு. உங்கள் குடும்ப நலத்தை இங்கிருந்து தொடங்குங்கள்.

இந்த மாதத்துக்குள் உங்கள் வீடுகளுக்கு வருவேன். மாத்திரை அட்டையையும் பார்ப்பேன், கொத்தமல்லிச் சட்டியையும் பார்ப்பேன்.